நகரக் குடிநீர் ஆட்சியும் நம் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)





கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் குடிநீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தின் ஒரு கோடியில் விடியற்காலை நான்கு மணிக்குக் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் பெண் குழந்தை, ஒன்பது மணிக்குப் பள்ளியில் கண்ணயர்ந்து போகிறாள். அவளுடைய தாய் வேலைக்குச் செல்லும் வீட்டிலோ குழாயைத் திருகினால் நீர் வருகிறது. அவ்வீட்டுப் பிள்ளை அதே நான்கு மணிக்கு உறங்குகிறது. அல்லது பாடம் படிக்கிறது. ஆண்டு முடிவில் இருவரும் எழுதுவது ஒரே தேர்வுதான். ஆகவே குடிநீர்ப் பிரச்சினையும் நமக்குக் கல்விப் பிரச்சினையே ஆகும்.

மழை பொய்த்தால் தண்ணீர் இல்லை, மழை பெய்தால் தண்ணீர் உண்டு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. இருக்கும் நீரை யார் பங்கிடுகிறார், எந்த விதியின்படி பங்கிடுகிறார், அந்தக் கணக்கை யார் கேட்கிறார் என்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியைத்தான் குடிநீர் ஆட்சி என்கிறேன். அதில் நம் மக்களுக்கு உள்ள இடம் என்ன, இருக்க வேண்டிய இடம் என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நீரைப் பங்கிட்டவன் நீர் பருகவில்லை

நம் முன்னோரின் ஒரு தொழிலை இன்றைய இளைஞர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். தமிழகத்தின் ஏரிப்பாசன ஊர்கள் பலவற்றில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்ற பெயர்களால் அழைக்கப்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள். மடையைத் திறப்பது, வாய்க்காலைக் காப்பது, முறை வைத்து வயல்தோறும் நீரைப் பாய்ச்சுவது அவர்கள் பணி. பல ஊர்களில் இப்பணியைச் செய்தவர்கள் ஆதிதிராவிடர்களே. சொந்த நிலம் இல்லாதவனுக்கு எந்த வயலின்மீதும் தனிப் பற்று இராது. ஆகையால் அவன் நடுவுநிலையோடு பங்கிடுவான் என்று ஊர் நம்பியது. பஞ்ச காலத்தில் இருக்கும் நீரை எந்தப் பயிருக்கு எத்தனை நாழிகை விடுவது என்று கணிக்கும் அறிவு அவனிடம் இருந்தது.

ஊர் முழுவதற்கும் நீரைப் பங்கிட்டுத் தந்த அதே மனிதன், தாகம் எடுத்தபோது ஊர்க் கிணற்றில் வாளியை இறக்க முடியவில்லை. என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எட்ட நின்று, யாரேனும் மனமிரங்கி ஊற்றுவார்களா என்று பொழுதெல்லாம் காத்திருப்பார்களாம். சிந்தாமல் ஊற்றினால் அன்று நல்ல நாளாம். நீரைப் பங்கிடும் திறமை நம்மிடம் இருந்தது. பங்கு கேட்கும் உரிமைதான் மறுக்கப்பட்டது.

அந்த உரிமைக்காகப் போராடிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றை எல்லா வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். அரசாங்கமும் அதை ஏற்றது. அதே ஆண்டில் பம்பாய் மாகாணத்தின் மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் தீர்மானம் தாளில் கிடந்தது. குளம் மேல்சாதியாரிடம் கிடந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், பாபாசாகேப் அம்பேத்கர் மக்களை அழைத்துக்கொண்டு போய் அந்தக் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகிய பிறகுதான் அத்தீர்மானத்துக்கு உயிர் வந்தது.

மகாட் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அடுத்து நடந்ததுதான் நமக்கு இன்னும் பெரிய பாடம். மேல்சாதியார் வழக்குத் தொடுத்தார்கள். தீண்டப்படாதவரை விலக்கி வைப்பது நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்று வாதாடினார்கள். பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. அத்தகைய வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்தது. குளக்கரையில் பாபாசாகேப் துணிவைக் காட்டினார். நீதிமன்றத்தில் ஆவணத்தையும் சட்டத்தையும் காட்டினார். இரண்டும் சேர்ந்தே வெற்றி வந்தது. பின்னர் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று எழுதியது.

குழாய் கேட்கும் கேள்விகள்

கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நம்பி வந்தவர்கள் நம் மக்கள். அந்த நம்பிக்கை வீண் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். நகரக் குழாய் ஒருவனுடைய சாதியைக் கேட்பதில்லை. அது பெரிய விடுதலைதான். ஆனால் அது வேறு கேள்விகளைக் கேட்கிறது. உனக்குப் பட்டா உண்டா? வீட்டு வரி ரசீது உண்டா? நீ குடியிருக்கும் இடம் புறம்போக்கா? உன் தெரு எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாமல் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் நம் மக்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் தீட்டும் பொறியாளர்கள் பின்பற்றும்படி மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. அதன்படி, பாதாளச் சாக்கடை வசதியுள்ள பெருநகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். அவ்வசதியுள்ள ஏனைய நகரங்களில் 135 லிட்டர். தெருக்குழாயை நம்பியிருப்பவருக்கோ 40 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பெருநகரத்தில் வீட்டுக் குழாய் உள்ளவருக்குப் பத்துக் குடம். தெருக்குழாய்க்காரருக்கு மூன்று குடம்கூட முழுமையாக இல்லை. இதை எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் கூறவில்லை. தெருவிலிருந்து சுமந்து வருபவர் அதற்குமேல் சுமக்க முடியாது என்று அவர்கள் கணக்கிட்டிருக்கலாம். ஆனால் ஏழையின் தாகத்தை அவனுடைய தோளின் வலிமையால் அளந்த கணக்கு அது. இப்படி ஒரு கணக்கு உண்டென்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாத கணக்கை எவ்வாறு திருத்துவது?

இன்னொன்றையும் பாருங்கள். 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் ஓர் இடம் குடிசைப் பகுதியென அறிவிக்கப்பட்டால் அங்குள்ளோர்க்குச் சில பாதுகாப்புகள் உண்டு. வசதிகளைக் கேட்க ஒரு பிடிமானமும் உண்டு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதன்பின் நகரம் எவ்வளவோ பெருகியும் பல்லாண்டுகள் அந்தப் பட்டியல் வளரவில்லை. பட்டியலில் இல்லாத குடிசை அதிகாரியின் கண்ணுக்கு இல்லாத குடிசையே.

ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட நம் மக்களின் நிலை இதற்கும் ஒருபடி மேல். கூவம், அடையாறு ஓரங்களில் வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகரிலும், செம்மஞ்சேரியிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். குடியமர்த்திய காலத்தில் அவை மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஊராட்சிப் பகுதிகள். 2011இல் எல்லை விரிந்தபோதுதான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மாநகராட்சிக்குள் வந்தன. நகரத்தின் நடுவே வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் நகரத்துக் குழாயின் எல்லையைக் கடந்து வெளியே வைக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நீர் வழங்கும் ஆற்றல் ஒரு சிற்றூராட்சிக்கு எங்கிருந்து வரும்? குடியிருப்பு வாரியத்தைக் கேட்டால் குடிநீர் வாரியத்தைக் காட்டுவார்கள். குடிநீர் வாரியத்தைக் கேட்டால் ஊராட்சியைக் காட்டுவார்கள். மூவரிடமும் நடந்து நடந்து கால் தேய்ந்தவர்கள் பெண்கள்.

தொலைவு தேடிப் போன நகரம்

சென்னைக்கு நீர் வந்த வரலாறு படிப்பினை மிகுந்தது. 1772இல் கோட்டைக்கு நீர் வழங்க ஏழு கிணறுகள் தோண்டப்பட்டன. அந்தப் பகுதி இன்றும் ஏழு கிணறு என்றே வழங்குகிறது. 1872இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் அமைந்தது. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது அடிக்கல் நாட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிவுற்றது. 1983இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1996இல் கிருஷ்ணா நீர் எல்லை கடந்து வந்தது. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வரவேண்டும், பல ஆண்டுகளில் அதில் பாதியும் வந்து சேரவில்லை. 2004இல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்குக் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. பின்னர் கடலையே நாடினோம். 2010இல் மீஞ்சூரை அடுத்தும், 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் எழுந்தன. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையமும் தொடங்கியது.

இவற்றை நான் குறை கூறவில்லை. இவை இல்லாவிட்டால் நகரம் என்றோ வறண்டு போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நகரம் தொலைவு தேடிப் போனதே தவிர, தன் காலடியில் இருந்ததைக் காக்கவில்லை. மயிலாப்பூர் நெட்டேரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரைக் கட்டினோம். நுங்கம்பாக்கத்து ஏரி போயிற்று; ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் மிஞ்சியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குப்பைக்கும் கட்டடத்துக்கும் இரையாயிற்று. விளைவு என்ன? 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம் 2019 ஜூன் மாதத்தில் வறண்டு நின்றது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளக்கூடியவை. அவை ஏறக்குறைய வெறும் தரையாயின. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த வழங்கல் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. 2019 ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரைச் சுமந்துகொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போற்றின. கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த ரயில் கொண்டுவந்தது, குறைக்கப்பட்ட வழங்கலிலும் இருநூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

அந்தக் கோடையில் எல்லோரும் ஒரேபோலத் துன்புற்றார்கள் என்று சொல்வது உண்மையாகாது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர் இன்னும் ஆழமாகத் துளைத்தார். பணமுள்ளவர் தனியார் லாரியை வரவழைத்து நிலத்தடித் தொட்டியை நிரப்பிக்கொண்டார். தொட்டியும் இல்லை, பணமும் இல்லை என்றிருந்தவர்கள் தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியின் முன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, கூலி வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பாசனத்தில் கடைமடை என்று சொல்வோம். நகரக் குழாய்க்கும் கடைமடை உண்டு. தலைமடையில் இருப்பவர் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைமடைக் குழாயில் காற்றுத்தான் வரும். கடைமடையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

ஆட்சி யார் கையில்?

இனி ஆட்சி முறைக்கு வருவோம். தெருவில் நீர் வராவிட்டால் நாம் முதலில் யாரிடம் போகிறோம்? மாமன்ற உறுப்பினரிடம் போகிறோம். ஆனால் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனி வாரியத்தின் பொறுப்பு. அதன் தலைவர் அமைச்சர்; நாள்தோறும் நடத்துபவர்கள் அதிகாரிகள். அதற்கு முன் இப்பணி மாநகராட்சியிடம் இருந்தது. ஆகவே நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் வாரியத்திடம் எடுத்துச் சொல்லலாம், ஆணையிட முடியாது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நீர் வழங்கலை நகர உள்ளாட்சிக்குரிய பணிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் அந்த அதிகாரத்தை உள்ளாட்சிக்குக் கொடுப்பதும் கொடாததும் மாநில அரசின் விருப்பம்.

2022இல் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா அவர்கள் பொறுப்பேற்றார்கள். நம் சமுதாயத்துக்கு அது பெருமை தந்த நாள். அந்தப் பெருமையோடு நாம் ஒரு கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும்: இந்த நாற்காலிக்குக் குழாயின்மீது எவ்வளவு அதிகாரம் உண்டு? இடஒதுக்கீட்டால் நாற்காலி கிடைக்கிறது. ஆனால் அதிகாரம் வேறோர் அறையில் இருந்தால் நாற்காலியால் ஆவதென்ன?

நிலத்தடி நீரின் கதை இன்னும் கசப்பானது. 1882ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியில் இயற்றிய வசதியுரிமைச் சட்டத்தின்படி, தன் நிலத்தடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலவுடைமையாளனுக்கு உண்டு. அதாவது, நிலம் உள்ளவனுக்கு நீரும் உண்டு. நிலம் இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட மக்களுக்கு இச்சட்டத்தின் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலம் முழுவதற்குமாக 2003இல் இயற்றப்பட்ட சட்டமோ நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. நகரத்தின் தாகத்துக்காகச் சுற்றுப்புறக் கிராமங்களின் வயற்கிணறுகளிலிருந்து நீர் விலைக்கு வாங்கப்பட்டது. நீரை விற்ற நிலக்காரனுக்குப் பணம் கிடைத்தது. பயிர் இல்லாமற்போன வயலில் நடவும் களையும் இல்லை. அங்கே கூலி வேலை செய்துவந்த நம் மக்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வேலை தேடி அவர்கள் வந்து சேர்ந்த இடமும் அதே நகரம்தான். இங்கே வந்து, தங்கள் ஊரிலிருந்து வந்த லாரியின் பின்னே குடத்தோடு நின்றார்கள்.

மற்றொன்றைச் சொல்லாமல் இப்பகுதியை முடிக்க முடியாது. குடிநீரை ஆளும் அமைப்பே கழிவுநீரையும் ஆள்கிறது. நல்ல நீர் வரும் குழாயின் கடைசியில் நாம் நிற்கிறோம். கெட்ட நீர் போகும் குழாய்க்குள் இறங்கும் வேலைக்கு மட்டும் முதலில் நம்மை அழைக்கிறார்கள். சாக்கடைக்குள் மனிதனை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சாக்கடையில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். கழிவுநீரைத் தூய்மையாக்க இத்தனை நுண்ணிய எந்திரங்களை வாங்க முடிந்த சமுதாயம், அடைப்பை நீக்க எந்திரத்தை வாங்க முடியாது என்று சொன்னால் அதை யார் நம்புவார்?

நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது

இதுவரை அரசையும் சட்டத்தையும் பற்றிப் பேசினேன். இப்பொழுது நம்மைப் பற்றிச் சிறிது பேச அனுமதியுங்கள். மனம் வருந்தினாலும் பொறுத்தருளுங்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இத்தகைய சங்கங்களின் உதவியால் படித்து, உத்தியோகம் பெற்று, சொந்த வீடு கட்டியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வீடு கட்டியதும் என்ன செய்தோம்? ஆழ்துளைக் கிணறு போட்டோம். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினோம். தெருக்குழாயை மறந்தோம். வரிசையில் நின்ற நாட்களை நினைக்க வெட்கப்பட்டோம். வரிசையில் மிஞ்சி நிற்பவர்கள் யார்? மனு எழுதத் தெரியாதவர்கள். அலுவலகத்துக்குள் நுழைய அஞ்சுகிறவர்கள். ஒரு நாள் வேலையை விட்டால் அன்று அடுப்பெரியாதவர்கள். பேசத் தெரிந்தவர்கள் வரிசையை விட்டுப் போன பின், அந்தக் குழாய்க்காகப் பேச யார் இருக்கிறார்கள்? மேல்சாதியார் நம்மைக் கிணற்றிலிருந்து விலக்கினார்கள். நம்மில் படித்தவர்கள் தாமாகவே பொதுக்குழாயிலிருந்து விலகிக்கொண்டோம். இரண்டின் நோக்கமும் வேறு. ஆனால் வரிசையில் நிற்கும் தாய்க்கு இரண்டின் விளைவும் ஒன்றே.

கேன் தண்ணீரை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கினாலும் பொதுக்குழாயின் கணக்கைக் கேட்பதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

இளைஞர்கள் செய்யத்தக்கவை

செய்யத்தக்கது என்ன என்று கேட்பீர்கள். பெரிய பணமோ பதவியோ வேண்டாத சில காரியங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, கணக்கு எழுதுங்கள். உங்கள் தெருவுக்கு லாரி எந்த நாள், எந்த நேரம் வந்தது, எத்தனை குடும்பத்துக்கு எத்தனைக் குடம் கிடைத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து வையுங்கள். "தண்ணீரே வருவதில்லை" என்னும் முறையீட்டை அதிகாரி எளிதில் தட்டிக்கழித்துவிடுவார். "மூன்று மாதத்தில் இத்தனை நாள் வரவில்லை; ஆளுக்கு இத்தனை லிட்டர்தான் கிடைத்தது" என்னும் கணக்கை அவ்வளவு எளிதில் தட்ட முடியாது. மகாட் வழக்கு நமக்குக் கற்பித்தது இதையே.

இரண்டாவது, கேட்டுப் பெறுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் பகுதிக்கு வழங்கும் நீரின் அளவையும் பக்கத்துப் பகுதிக்கு வழங்கும் அளவையும் எழுதிக் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் நியாயமும் அநியாயமும் தாமே தெரியும். தூய நீர் பெறுவது 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1991இல் கூறியிருக்கிறது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. எனவே நாம் கேட்பது தயவு அன்று என்பதை மனத்தில் நிறுத்தி எழுதுங்கள்.

மூன்றாவது, சபையில் அமருங்கள். தமிழகத்தின் நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022இல் விதிகள் வந்தன. இச்சபை கூடும் நாளில் நம் தெருவிலிருந்து பத்துப் பேராவது, அவர்களுள் ஐவராவது பெண்கள், நோட்டுப் புத்தகத்தோடு போய் அமர வேண்டும். பேசியது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

நான்காவது, நீரைச் சோதியுங்கள். குழாய் நீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது இந்திய தர நிர்ணயம். அதைக் கண்டறியும் சிறிய சோதனைப் பெட்டியை வாங்குவது நம் சங்கத்துக்கு இயலாத செலவன்று. மாலைப் பாடசாலை மாணவர்களே வாரந்தோறும் தத்தம் தெரு நீரைச் சோதித்து எழுதலாம். வேதியியல் பாடமும் நடக்கும், தெருவும் காக்கப்படும்.

ஐந்தாவது, இந்தத் துறையைப் படியுங்கள். நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள், கணினி படிக்கிறார்கள், மகிழ்ச்சி. குடிமைப் பொறியியலும், நீரியலும், நகரத் திட்டமும், உள்ளாட்சிக் கணக்கும் படிக்கச் சிலராவது முன்வர வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்று முடிவு செய்யும் மேசையின் முன், கடைமடைத் தெருவில் பிறந்த ஒருவர் அமர்ந்திருந்தால் வரைபடம் வேறுவிதமாக அமையும். நமக்கு இது புதுத் தொழிலும் அன்று. வறண்ட காலத்திலும் முறை தவறாமல் நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். அன்று நம்மிடம் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்; கணக்கை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இனிக் கணக்கையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சங்கத்தின் பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. அதனோடு, குடிநீர்த் துறை சார்ந்த படிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மாணவிக்காவது ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்ணே ஒருநாள் அந்த உதவித்தொகையைப் பெற வேண்டும் என்பது என் ஆசை. பொன்விழாக் கொண்டாடும் காலத்தில் அவள் இம்மேடைக்கு வந்து, தான் ஆளும் வட்டத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு நீர் போகிறது என்று நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அன்று கேள்வி கேட்க நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.